மழை வந்தால் திறக்காத அலமாரி

மகனே,

கொழும்பிலிருந்து நீ போட்ட கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அதற்கு அடுத்து எழுதியிருந்ததில்தான் எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. "பட்டறை வேலையை விட்டுவிட்டு வருகிறேன் அப்பா. தோட்டத்தில் என் பேரைப் பதியச் சொல்லுங்கள். நமது லயத்துக் காம்பரா கையை விட்டுப் போகக்கூடாது" என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்த கையோடு லயம் முழுவதும் போய்ச் சொல்லிவிட்டும் வந்தாள். இப்போது பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால், "மகன் வர்றானாமே பாஸ், இனி ஒங்களுக்கு என்ன கொற" என்று கேட்கிறார்கள். தோட்டத்துத் தச்சு பாஸ் நானும் தலையை ஆட்டிவைத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீளமான கடிதம், பொறுமையாக வாசி. உன் அறையில் தங்கியிருக்கும் நம் பக்கத்துப் பையன்களுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுக்கும் ஊரில் இப்படி ஒரு லயத்து அறை இருக்கும், அதைக் காப்பாற்ற ஓடி வா என்று கூப்பிட ஆள் இருக்கும்.

அம்மா பக்கத்துக் காம்பராப் பிள்ளையை வைத்து உனக்கு எழுதியது பாதிக் கதை. மீதியையும் கேள். புதிய துரை வந்ததும், பங்களாவின் சாப்பாட்டு மண்டபத்தில் நான் செய்து நிறுத்திய பெரிய அலமாரியைக் கழற்றி வெளியே எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் கிளாக்கர் ஐயா என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது. "பாஸ், ஒங்களுக்கு வயசாயிடுச்சு. எளவட்டமா ஒரு ஆளு வேணும்னு துரை சொல்றாங்க. ஒங்க மகனுக்குத் தச்சு வேல தெரியுமில்ல? கூப்பிடுங்க. ஒங்க எடத்துல அவன் பேரப் பதிஞ்சிடுறேன், காம்பராவும் ஒங்களுக்கே இருக்கும். இல்லாட்டி மாசக் கடசியில சாவியக் குடுக்கணும்" என்றார். உன் அம்மாவின் பேரைப் போன வருஷமே வெட்டிவிட்டார்கள்; விரல் மடங்காதவளுக்கு ஏது கொழுந்து. அதனால் அன்றைக்கு நம் அறையில் தோட்டத்து வேலைக்குப் பேர் உள்ள ஆள் நான் ஒருவன்தான். கிளாக்கர் ஐயா நல்ல மனுஷன், நமக்கு நல்லது நினைத்துத்தான் சொன்னார். இந்தத் தோட்டத்தில் என்னைக் கட்டிப்போட்டவர்களில் கெட்டவர் என்று நான் ஒருவரையும் சொல்லமாட்டேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆற்றாமையாக இருக்கிறது. கெட்டவனாக ஒருவன் இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

நீ தத்தித் தத்தி நடக்கப் பழகிய காலத்தில் நான் இங்கிருந்து கிளம்பிவிடுவதாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியுமா? ஹட்டன் டவுனில் மரக்கடை வைத்திருந்த முதலாளி என்னை வேலைக்குக் கூப்பிட்டார். இப்போது கடை நடத்துகிறவரின் வாப்பா அவர். தோட்டத்துக்குப் பலகையும் ஆணியும் கொண்டுவந்து போடும்போது என் வேலையைப் பார்த்திருக்கிறார். "பாஸ், இந்தக் குளிருக்குள்ள கதவுக்கு பிணைச்சல் போட்டுக்கிட்டே கெடக்கப் போறீங்களா? கடைக்குப் பின்னால ரூம் ஒண்டு சும்மா கெடக்கு. வாங்க. ஒங்கட மகன டவுன் ஸ்கூல்ல போட்டுடலாம்" என்றார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்து எல்லோரும் அரண்டு போயிருந்த நேரம் அது. ஏதாவது ஓரிடத்தில் பேர் பதிந்திருந்தால் போதும், தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடப்போம் என்றுதான் லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் உன் அம்மாவும் மட்டும் போய்விடுவது என்று முடிவு செய்தோம். ஆனால் முதலாளி ஒரு நிபந்தனை வைத்தார். துரை கையெழுத்துப் போட்ட விலகல் கடுதாசியோடு வர வேண்டும். துரைக்குத் தெரியாமல் அவருடைய பாஸை இழுத்துக்கொண்டால் இந்தத் தோட்டத்து வியாபாரமே அவர் கையை விட்டுப் போய்விடும். அவர் பயம் நியாயமானதுதான்.

துரையிடம் கேட்டேன். வெள்ளைக்காரர், கோபக்காரர் இல்லை. பைப்பை வாயில் வைத்துக்கொண்டே, துரைமார் பேசும் அந்தத் தமிழில், "பாஸ், நீ போ. நான் பிடிச்சு வைக்க இல்லை. ஆனா துரைசானி கப்பல்ல வருது. அதுக்குப் பெரிய அலமாரி வேணும். சுவர் முழுக்க. அது முடி, கடுதாசி வாங்கு, போ" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காம்பராவுக்கு ஓடிவந்து உன்னைத் தூக்கிச் சுற்றினேன். உன் அம்மா அன்றைக்கே தகரப் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தாள். ஓர் அலமாரிதானே, என்னதான் பெரிதாக இருந்தாலும் ஓர் அலமாரிதானே என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம்.

பலாப் பலகை கண்டிப் பக்கத்திலிருந்து வந்தது. அறுத்த ஈரம் அப்படியே இருந்தது, கையை வைத்தால் குளிர்ந்தது. ஒழுங்காக அடுக்கிக் காற்றில் காயவிட்டால் ஒரு வருஷம் பிடிக்கும். துரைசானியின் கப்பல் ஒரு வருஷம் காத்திருக்குமா? எனக்கும் ஹட்டனுக்குப் போக அவசரம். அப்போதுதான் அந்தக் கெட்டிக்கார யோசனை வந்தது. தேயிலை பெக்டரியின் மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவார்களே, கீழே தேயிலை காயவைக்கும் இயந்திரத்தின் சூடு காற்றாடி வழியாக மேலே ஏறி வருமே, அங்கே பலகையைப் போட்டால் என்ன? வெயில் மாதம், கொழுந்து குறைவு, மாடியில் பாதி வெறுமையாகக் கிடந்தது. டீமேக்கர் ஐயா மூக்கைச் சுளித்தார். "பலா வாசம் கொழுந்துல ஏறினா ஏலத்துல ஒருத்தனும் தொடமாட்டான்யா" என்றார். துரையே சொன்ன பிறகு ஒரு மூலையைக் கொடுத்தார். பலகை காய்ந்த காய்ச்சலைப் பார்க்க வேண்டுமே! விரலால் சுண்டினால் மணி மாதிரி சத்தம் வந்தது. இந்த மலையில் வேறு எந்தப் பாஸுக்கும் இப்படிப்பட்ட மரம் கிடைத்திருக்காது என்று பூரித்துப்போய், அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே கொட்டகை போட்டு அலமாரியையும் செய்தேன். உனக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். நீ பட்டறைக்காரன், அடுத்து என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும்.

பங்களா நடையில் ஒரு திருப்பம் இருந்தது நினைவிருக்கிறதா? முழு அலமாரியை அதில் திருப்ப முடியாது. அதனால் மூன்று கூறாகச் செய்து, மழைக்குப் படங்கு போர்த்தி, ஆட்கள் தோளில் வைத்து மேட்டில் ஏற்றிக் கொண்டுபோய், அங்கேயே வைத்துப் பொருத்துவதாக ஏற்பாடு. பெரிய சாமானைப் போட்ட இடத்தில் பொருத்துவது பட்டறையில் செய்வதைவிட வேறு வேலை என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன். பட்டறையில் எல்லாம் நாம் சொன்னபடி கேட்கும். வீட்டுக்குள் தரை ஒன்று சொல்லும், சுவர் ஒன்று சொல்லும். கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த பலகைத் தரையில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஓரத்துக்கு ஓடியது. தரை எங்கே மேடோ அந்த முனையில் முதல் கூறை நிறுத்தி, மற்றதையெல்லாம் அடியில் ஆப்பு கொடுத்து அந்த உயரத்துக்குத் தூக்கினேன். முகப்பும் முகப்பும் ஒன்றாகும்வரை இரும்புக் கவ்வியால் இறுக்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் துளை போட்டேன். இதுவரை எல்லாம் சரி. நீயும் இப்படியே செய்.

தப்பு எங்கே நடந்தது என்றால், இரண்டு பக்கச் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அதன்மேல் மெல்லிய சட்டத்தை அடித்து மறைத்திருக்க வேண்டும். துரைசானி வந்து நின்றுகொண்டிருந்தார். சுவர் ஓரத்தைக் காட்டி, இங்கே ஓட்டை தெரியக்கூடாது, கரப்பான் போகும் என்று துரையை விட்டுச் சொல்லவைத்தார். குளிர்காய அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்த அறை, எலும்பாகக் காய்ந்த மரம், உள்ளே தள்ளினால் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. இடைவெளி விடாமலே நிறுத்திவிட்டேன். கூறுகளை இணைக்கும் போல்ட்டின் தலையும் வெளியே தெரியக்கூடாது என்றார்கள். அதனால் நட்டை உள்ளிருந்துதான் முடுக்க வேண்டும். நடுக்கூறின் கீழ்த்தட்டுக்குள் முழங்காலை நெஞ்சோடு மடித்துக்கொண்டு நுழைந்து படுத்தேன். வெளியே துரையும் அவர் சிநேகிதர்களும் பேசிச் சிரிக்கிறார்கள். என் மூச்சு எனக்கே திரும்பி வருகிறது. பலா வாசம் தொண்டையை அடைக்கிறது. துரை கதவைத் தட்டி, "பாஸ், உள்ளே இருக்கியா? அங்கேயே இரு, நல்ல சாமான்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் உள்ளே கிடந்து சிரித்தேன். சிரிக்கும்போதே ஏனோ ஒரு பயம் வந்தது. அவசரம் அவசரமாக நட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்து விழுந்தேன்.

துரைசானிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தட்டும் கோப்பையும் அடுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கடுதாசியைக் கேட்டேன். "இந்த மாசம் விருந்தாளி இருக்கு. அடுத்த மாசம்" என்றார் துரை. அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழை என்றால் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவரும் உடுப்பும் உப்பும் ஒன்றுபோல ஊறும் மழை. எலும்பாகக் காய்ந்திருந்த பலா அந்த ஈரத்தை உறிஞ்சிக் குடித்து ஊதியது. பக்கவாட்டில் விரிய இடம் ஏது? இரண்டு சுவரையும் நெட்டித் தள்ளிக்கொண்டு, நடுவில் கதவுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பங்களாவில் பகல் விருந்து. சமையல்கார அப்பு வேலையை முடித்துவிட்டுத் தட்டு எடுக்கப் போனால் ஒரு கதவும் திறக்கவில்லை. இழுத்ததில் ஒரு கண்ணாடி உடைந்தது. விருந்தாளிகள் மேசையில் உட்கார்ந்திருக்க, தட்டெல்லாம் அலமாரிக்குள் சிறையில் இருக்க, என்னைத் தேடி லயத்துக்கு ஆள் ஓடிவந்தது. நான் போய் வலது கூறின் அடியில் ஓர் ஆப்பைச் செருகி, கையால் தூக்கிப் பார்த்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினேன். சட்டம் ஒரு நூல் அளவு சாய்ந்து கதவு விட்டுக்கொடுத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். துரை என் முதுகில் தட்டி, "நீ போனா யார் இதைத் திறக்கிறது?" என்றார்.

மகனே, அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் நான் இத்தனை வருஷம் இங்கே கிடந்தேன். கழற்றி, இரண்டு பக்கமும் இழைத்து, இடைவெளி விட்டு மறுபடி பொருத்திவிடுகிறேன் என்று கெஞ்சினேன். மழைக்காலத்தில் அதைக் கழற்ற முடியாது, சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் கழற்றலாம், ஆனால் வெயில் காலத்தில்தான் பங்களாவுக்கு விருந்தாளிகள் வருவார்கள், சாப்பாட்டு மண்டபத்தை மூடிப்போட யாரும் சம்மதிக்கவில்லை. வெயிலில் அது நல்ல பிள்ளையாகத் திறந்து மூடியது. அப்போது அதைக் கழற்றுவானேன் என்றார்கள். ஆப்பு வைக்கும் வித்தையை அப்புவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நழுவலாம் என்று பார்த்தேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயோ வேணாம் பாஸ். கண்ணாடி ஒடஞ்சா என் சீட்டக் கிழிச்சிடுவாங்க. நீங்களே வாங்க, நான் ஒங்களுக்கு டீ ஊத்தி வைக்கிறேன்" என்றான். வேண்டுமென்றே மோசமாக வேலை செய்து துரத்திவிடச் செய்யலாமா என்றும் யோசித்தேன். அப்படித் துரத்தினால் கடுதாசியில் அதையே எழுதுவார்கள், அதைப் பார்த்து எந்த முதலாளி எடுப்பார்? நன்றாகச் செய்தால் விடமாட்டார்கள், கெடுத்தால் வெளியே வேலை கிடைக்காது. அந்தத் துரை போய் இன்னொருவர் வந்தார். பங்களாவை ஒப்படைக்கும்போது தட்டுமுட்டுச் சாமான்களைக் காட்டிக்கொண்டே வந்த பழைய துரை, அலமாரியையும் காட்டி, பக்கத்தில் நின்ற என்னையும் காட்டினார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அது மட்டும் விளங்கியது.

டவுன் ஸ்கூல் விஷயம் உனக்கு நினைவிருக்கும். இருக்காதா! தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. முதலாளி, பாவம், அத்தனை வருஷம் கழித்தும் தன் பேச்சை மறக்கவில்லை. ஹட்டன் ஸ்கூலில் பெரிய வாத்தியாரிடம் பேசி உனக்கு ஓர் இடம் சொல்லி வைத்தார். இன்ன நாளில் அப்பாவே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், தவறினால் இடம் வேறு பிள்ளைக்கு என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உனக்குப் புதுச் சட்டை, எனக்குக் கல்யாணக் கோட்டு. அம்மா உன் தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைத்திருந்தாள். பஸ்ஸுக்கு இறங்கும் பாதை ஆபீஸ் வாசல் வழியாகத்தானே போகிறது. வேறு பாதை நமக்கு ஏது? வாசலில் பங்களாப் பையன் மூச்சிரைக்க நின்றான். "பாஸ், கொழும்புல இருந்து கம்பெனிப் பெரியவங்க வந்திருக்காங்க. அலமாரி தொறக்கல. துரை கையோட கூட்டியாரச் சொன்னாங்க." நான் உன் அம்மாவைப் பார்த்தேன். "போயிட்டு ஓடி வந்துடுறேன்" என்றேன். அன்றைக்கென்று மழை ஒரு வாரமாக விடாமல் பெய்திருந்தது. ஆப்பு வைத்தும் மசியவில்லை. கீழ்த்தட்டுக் கதவின் பிணைச்சலைக் கழற்றி, அதற்குள் ஊர்ந்து போய், உள்ளிருந்து போல்ட்டைத் தளர்த்த வேண்டியிருந்தது. அந்த இருட்டுக்குள் படுத்துக்கொண்டு, கீழே வளைவில் ஹட்டன் பஸ் ஹார்ன் அடித்துப் போவதைக் கேட்டேன். கத்த வேண்டும் போல இருந்தது. வெளியே கரண்டிச் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தன.

நான் இறங்கி வந்தபோது நீ புதுச் சட்டையோடு ஆபீஸ் படியில் உட்கார்ந்தபடி தூங்கிப் போயிருந்தாய்.  அம்மா உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். மறுநாள் போய்க் கேட்டபோது இடம் போய்விட்டது. அதற்குப் பிறகு நீ என்னோடு உளி பிடித்தாய். அது உனக்குப் பிடித்துத்தான் செய்தாய் என்று நீ சொல்வாய். சொன்னால் நான் நம்பவேண்டுமா? பள்ளிக்கூடத்துப் பையன்கள் பஸ்ஸில் போகும் நேரத்தில் நீ பட்டறைக்குள் போய் எதையாவது இழைத்துக்கொண்டிருந்ததை நான் பார்க்காமலா இருந்தேன்? அதைப் பற்றி உன்னிடம் ஒருமுறையும் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்துவிட்டேன்.

ஆகவே நீ கொழும்புக்குப் போகிறேன் என்று சொன்ன அன்று, அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். நான் வெளியே போய், தேயிலைக்குள் நின்று, ஒருவரும் பார்க்காமல் குதித்தேன். நிஜமாகத்தான் எழுதுகிறேன், இந்த வயதில் குதித்தேன். நம் வீட்டில் ஒருவனாவது ஆபீஸ் வாசலைத் தாண்டிப் பஸ் ஏறிவிட்டான். அங்கே நீ ஓர் அறையில் பல பேரோடு நெருக்கி அடித்துப் படுக்கிறாய், கடைச் சோறு சாப்பிடுகிறாய், முதலாளி திட்டுகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த பட்டறையில் போய்க் கேட்கலாம். யாருடைய கையெழுத்தும் வேண்டாம். நீ அதைச் சின்ன விஷயமாக நினைக்கிறாய். நான் வாழ்நாள் முழுவதும் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

புதிய துரை நம் நாட்டுக்காரர், சின்ன வயது. அவருடைய துரைசானிக்கு மண்டபம் வெளிச்சமாக இருக்க வேண்டுமாம். "பாஸ் உன்னஹே, இந்தப் பெரிய சாமானைக் கழற்ற ஏலுமா?" என்று சிங்கள மரியாதை போட்டுத்தான் கேட்டார். மாசி வெயிலில் சுவரை விட்டு மரம் கொஞ்சம் இளகியிருந்தது. போல்ட்டெல்லாம் துருவேறி, ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் விட்டு விட்டுத் திருப்பினேன். கூறுகள் பிரிந்தபோது சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. அதற்குப் பின்னால் இருந்த சுவரில் பழைய சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு கூறு ஆபீசுக்குப் போனது, ஒன்று தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, மற்றதை எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு நெஞ்சில் பெரிய ஆறுதல் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் கிளாக்கர் ஐயா என்னை உட்காரச் சொல்லி, உன் பேரைச் சொன்னார். அலமாரி போய்விட்டது, இனி நீ வா என்கிறார்கள்.

உன் அம்மாவின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அநியாயம். "இந்தக் காம்பராவுலதான் அவனப் பெத்தேன். இந்த லயத்துல நாலு பேரு இருக்காங்க, ஒடம்புக்கு முடியாட்டி எட்டிப் பாப்பாங்க. டவுன்ல யாரு இருக்கா எனக்கு? மகன் சம்பாதிச்சது போதும், எங் கண்ணு முன்னால இருக்கட்டும்" என்கிறாள். அவள் கேட்பது ஒன்றும் பெரிய சொத்து இல்லை. அவளுக்கு முன்னால் உட்கார்ந்து உன் கடிதத்தை வாசித்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். நீ கொழும்புக்குப் போன பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு நிமிஷம் எனக்கும் மனது இளகிவிட்டது. வரட்டுமே, கூட இருக்கட்டுமே, கல்யாணம் செய்துவைத்தால் பேரப்பிள்ளை இந்த வாசலில் ஓடுமே என்று தோன்றியது. அந்தப் பேரப்பிள்ளை எந்த ஸ்கூலுக்குப் போகும் என்று அடுத்தபடியாகத் தோன்றியது. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டேன்.

நேரே ஹட்டனுக்குப் போனேன். முதலாளியின் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "வாப்பா ஒங்களப் பத்தி அடிக்கடி பேசுவாரு பாஸ். ஆனா இப்ப ஒங்களால பெரிய வேல செய்ய ஏலாதே. பலகைக் கொட்டகைக்குப் பின்னால ஒரு சின்ன எடம் இருக்கு, கொஞ்சம் ஒழுகும். வந்து இருங்க, ஆறு மாசம் பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்து காம்பராவுக்குப் போகாமல் ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் ஐயா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பாஸ், மகன் எப்ப வர்றான்?"

"வரமாட்டான் ஐயா. என் பேர வெட்டிடுங்க."

"வர்றதா கடுதாசி வந்துச்சுன்னு லயமே பேசுதே."

"அவன் வர்றேன்னுதான் எழுதியிருக்கான். நான் வேணாங்குறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "கோவத்துல பேசாதீங்க. ஒருக்கா வெட்டிட்டா மறுபடி பதிய முடியாது. காம்பராவுக்கு ஆளு காத்துக்கிட்டு இருக்கு. வீட்டுல அக்காகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைச் செய்திருக்க மாட்டேன். வெட்டுங்கள் என்று மறுபடியும் சொன்னேன். நான் இளந்தாரியாக இருந்தபோது கெஞ்சிக் கேட்ட அதே விலகல் கடுதாசி. வாயில் போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் எழுதி, துரையின் கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். கையில் வாங்கிப் பார்த்தேன். இவ்வளவுதானா என்று இருந்தது. ஆபீஸ் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்ப எம்புள்ள வந்தா எந்த வீட்டுக்கு வருவான்?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாமான்களைக் கட்டுகிறாள், என்னைப் பார்க்காமலே சோறு போடுகிறாள். அவள் என்னை மன்னிப்பாளா என்று தெரியாது. அவளுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது. என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை, அவளுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நான் வாசித்துக் காட்டுகிறேன், ஒரு வரியும் விடாமல்.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது நம் காம்பராவில் வேறு யாரோ அடுப்பு மூட்டியிருப்பார்கள். நீ வந்தாலும் பதிய இங்கே உனக்குப் பேர் இல்லை, படுக்க இடமும் இல்லை. உன்னிடமும் கேட்கவில்லை, உன் அம்மாவிடமும் கேட்கவில்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும். நன்றாகக் கோபப்படு. கொழும்பிலேயே இருந்து கோபப்படு.

உன் அப்பா